மென்சாவின் இரண்டு அண்ணன்மார்

தங்கைக்குக் கல்யாணம் என்றதும் அண்ணன்காரனுக்குத் துப்பறியும் மூளை தானாக முளைத்துவிடும். (மற்ற நாட்களில் அது எங்கே போகிறது என்று என் மனைவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.)

தங்கை தர்சினி கட்ட விரும்பியது தன்னோடு வேலை செய்யும் குவாமி மென்சாவை. கானாவிலிருந்து வந்து லண்டன் குரோய்டனில் குடியேறிய குடும்பம். ஒரே மகன், ஒரு அக்கா. "கத்தோலிக்கமோ?" என்று மட்டும் அம்மா கேட்டார். ஓம் என்றதும் சம்மதித்துவிட்டார்.

குவாமியும் தாயாரும் சம்பந்தம் பேச வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் குசினிக்குள் நின்று மென்சா என்ற பெயரைப் போனில் தட்டிப் பார்த்தேன். கானாவின் அக்கான் மொழியில் மென்சா என்றால் மூன்றாவதாகப் பிறந்த ஆண்பிள்ளையாம்!

"அம்மா, ஒரே மகன் எண்டது பொய். மேலே ரெண்டு பேர் இருக்கினம்."

"ஐயோ, ஏன் ஒளிச்சவை? ஜெயிலோ? போய்க் கேளடா!"

கேட்டேன். எல்லோரும் கோழிக்கறியில் கை வைத்த நேரத்தில், தொண்டையைச் செருமி, எனக்குத் தெரிந்த மிகக் கம்பீரமான ஆங்கிலத்தில், "அந்த இரண்டு அண்ணன்மாரும் எங்கே?" என்றேன். தர்சினி என்னைப் பார்த்த பார்வையில் கறி இன்னொரு முறை கொதித்திருக்கும்.

குவாமியின் தாயார் நிதானமாக வாயைத் துடைத்தார். "கானாவில், குமாசி நகரத்தில்."

"பாத்தியே!" என்றார் அம்மா.

"கல்லறையில். மூன்றாவதாகப் பிறந்தவர் என் கணவரின் தாத்தா. அவருடைய பெயரே பிறகு குடும்பப் பெயராகிவிட்டது. என் மகளும் மென்சாதான். அவள் என்ன, மூன்றாவது ஆண்பிள்ளையா?"

குவாமி சோற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தாயார் விடவில்லை. "உங்கள் குடும்பப் பெயர் என்ன?"

"சின்னத்தம்பி," என்றேன். அது என் அப்பாவின் பெயர்.

"அப்படியென்றால்?"

நான் வாயைத் திறக்குமுன் தர்சினி, "லிட்டில் பிரதர்," என்று பழிவாங்கினாள்.

வீட்டுக்கே மூத்தவன், அரை வழுக்கை, சட்டைப் பொத்தான் திணறும் வயிறு. தாயார் என்னை மேலிருந்து கீழாகச் சாவகாசமாகப் பார்த்தார். "யாருக்கு?"

முதலில் சிரித்தது அம்மாதான். சம்பந்தம் அந்தச் சிரிப்பிலேயே முடிவானது.

இப்போது தர்சினியின் மகளுக்கும் நான் லிட்டில் பிரதர்தான். போன மாதம் அவளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனேன். "என்ர லிட்டில் பிரதர் வந்திட்டார்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் வந்த ஆசிரியை, பாவம், என் முழங்கால் உயரத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.