பூ கேட்கப் போன இடத்தில் ஒரு கொரிய கோல்

தோற்கிற அணியை நேசிப்பவர்களுக்கு இடம், பொருள், ஏவல் எதுவும் தெரியாது. ஜெயிக்கிற அணியின் ரசிகர்கள் மறுநாள் நிதானமாக ஸ்கோர் பார்த்துக்கொள்வார்கள். என்னைப் போன்றவர்களுக்குத்தான், நாம் பார்க்காவிட்டால் அந்தப் பெண்கள் தோற்றுவிடுவார்கள் என்று தோன்றும். (பார்த்தாலும் தோற்றார்கள், அது வேறு விஷயம்.)

அந்தப் பெண்கள் இருந்தது தென்கொரியாவில். நான் இருந்தது சங்ககிரியில், ஒரு லாரி புக்கிங் ஆபீஸில். கொரிய சீரியல் தேடப்போய், அந்த ஊர்ப் பெண்கள் கால்பந்து லீக் என் செல்போனில் மாட்டியது. அவர்களுக்கு மாலை ஏழு மணி என்றால் நமக்கு மதியம் மூன்றரை. ஆபீஸில் ஈ ஓட்டும் நேரம். மைதானத்துக்கு வந்த கூட்டத்தை எங்கள் டவுன் பஸ் ஒன்றில் ஏற்றிவிடலாம். அந்தப் பரிதாபத்திலேயே, கடைசிக்குப் பக்கத்தில் கிடந்த மஞ்சள் சட்டை அணிமேல் பாசம் வந்துவிட்டது. கொரிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. வர்ணனையாளர் குரல் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. அவ்வளவுதான் என் புலமை.

சீசன் பாதியில் மஞ்சள் சட்டைகள் திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தார்கள். கடைசி ஆட்டத்தையும் ஜெயித்தால் பிளே-ஆஃப். அதே மதியம், என் கல்யாணத்துக்காக மல்லசமுத்திரம் பக்கத்தில் உள்ள எங்கள் அம்மன் கோவிலில் பூ கேட்கப் போவதாக முடிவானது.

எங்கள் பக்கம் ஜாதகம் பொருந்தினாலும் அம்மன் சம்மதிக்க வேண்டும். சிலையின் இரண்டு பக்கமும் பூ வைத்துக் காத்திருப்போம். வலப்பக்கப் பூ விழுந்தால் கல்யாணம். இல்லையென்றால் காப்பி குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். என் அக்காவுக்கு ஒரு நல்ல வரன் அப்படித்தான் கைநழுவியது. ஃபேர்லேண்ட்ஸில் மருந்துக்கடை வைத்திருந்த கதிரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவரும் அப்படிக் கைநழுவிவிடுவாரோ என்று பயம். அந்தப் பயத்தோடு, வலது காதில் ஒரு இயர்பட்டையும் சொருகி, மேலே மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். (இரண்டு வேண்டுதலையும் ஒரே கோவிலில் முடிக்கலாம் என்ற சிக்கனம்.)

பூசாரி கற்பூரம் காட்டினார். பூ அசையவில்லை. மறுபடி காட்டினார். அசையவில்லை. கதிரின் அம்மா முகம் தொங்கிப்போனது. கோவிலுக்குள் நுழையும்போது போனில் பார்த்த ஸ்கோர் சமநிலை; இப்போது என் காதுக்குள் கடைசி நிமிடங்கள். வர்ணனையாளர் குரல் ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு அலறியது.

நானும் அலறினேன். இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்தேன்.

"ஆத்தா எறங்கிட்டா" என்று யாரோ சொல்ல, தலையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் விழுந்தது. பூசாரி வேப்பிலையோடு ஓடிவந்தார். சாமி ஆடுகிறவர்கள் சட்டென்று நிறுத்த மாட்டார்களே என்று யோசித்து இன்னும் கொஞ்சம் ஆடிவைத்தேன். அதில் வலது காதோரச் சரம் அறுந்து தாம்பாளத்தில் விழுந்தது.

"இது பொண்ணு தலைப் பூவுங்க, அம்மன் பூ இல்லீங்களே" என்றார் கதிரின் அம்மா.

என் மாமா போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர். தண்ணீர் வராமல் புகை மட்டுமே வரும் குழியில்கூட இன்னும் நூறு அடி போடலாம் என்று பேசிப் பழகிய வாய்.

"ஏனுங்க, ஆத்தா இப்ப இவ மேலதான இருக்கறா? அப்ப இது யாரு தலைங்க?"

பூசாரி யோசித்தார். "வலப்பக்கந்தானுங்க" என்று சொல்லிவிட்டார்.

பூவை எடுக்கக் குனிந்த கதிரின் கையில், சரத்தோடு விழுந்திருந்த இயர்பட்டும் கிடைத்தது. ஒரு கணம் காதில் வைத்துப் பார்த்தார். என் உயிர் என்னிடம் இல்லை. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கார் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "கோலுங்களா?"

"ஆமாங்க."

"யாரு போட்டதுங்க?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. போனைத் திறந்து பார்த்தேன். எதிரணி போட்டது. என் மஞ்சள் சட்டைகள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் அழுதேன். சாமி மலையேறிய களைப்பு என்று சொல்லி, கதிரின் அம்மா இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

ரகசியம் காக்கும் திறமை கதிருக்குக் கிடையாது என்பது மறுவீட்டு விருந்திலேயே தெரிந்துவிட்டது. கதிரின் அம்மா, இப்போது என் அத்தை, முழுசாகக் கேட்டுக்கொண்டு எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். போன மாதம் என் கொழுந்தனுக்குப் பூ கேட்கப் போகும் பேச்சு வந்தது. அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, ஞாயித்துக்கெழமை உன்ற கொரியாப் புள்ளைகளுக்கு ஆட்டம் இருக்குதா?"

"இல்லீங்க அத்தை, அன்னைக்கு இல்லை."

"அப்ப வேண்டாம். இருக்கற நாளாப் பாத்துப் போலாம்."