சோடாப் போத்தலில் பாடிய மீன்

கல்லடிப் பாலத்தில் ஓட்டோவை ஏற்றும்போதே முத்தலிப்புக்குத் தெரிந்துவிட்டது, தன்னிடமிருக்கும் இங்கிலீசு பாலத்தின் மறுகரை வரைக்கும் காணாதென்று.

பின் இருக்கையில் ஹென்றிக் துரை இருந்தார். ஒல்லாந்துக்காரர். எழுபது வயதிருக்கும். தெருவுக்குப் பதிலாக வாய்க்கால் ஓடும் பழைய நகரமொன்று அவருடைய ஊர். வாவியைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்டவர்போல முகம் மலர்ந்தார்.

முத்தலிப் குவைத்தில் ஏழு வருடம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஏழு வருடமும் ஒரு பெரிய சமையற்கட்டில் வெங்காயம் உரித்தான். அங்கே படிந்தது அரபும் கொஞ்சம் மலையாளமும். இங்கிலீசில் கைவசம் ஐந்தே ஐந்து: யெஸ், நோ, குட், நோ ப்ராப்ளம், பினிஷ். இதை மனைவி ஸஹீதாவிடம் அவன் சொன்னதேயில்லை. அவளோ திரைச்சீலை தைத்துக் கொடுக்கப் போன இடத்தில், "எங்கட இவரு கனாவே இங்கிலீசுலதான் காண்ற" என்று விடுதிக்கார மங்கையற்கரசியிடம் பெருமையடித்துவிட்டு வந்திருந்தாள்.

மங்கையற்கரசியின் பழைய விடுதியைக் கடல் கொண்டுபோய் ஆறு வருடமாகிறது. சண்டையும் முடிந்து, சோதனைச் சாவடிகளும் ஒவ்வொன்றாகக் கழன்று, அவள் மறுபடி சுவரெழுப்பிச் சாயம் பூசிய பிறகு வந்திறங்கிய முதல் வெளிநாட்டார் இந்தத் துரையும் அவர் மனைவியும்தான். அந்த அம்மாவுக்கோ வயிற்றுக் கோளாறு, படுத்தவர் எழும்பவில்லை.

"தம்பி, துரைய நீங்கதான் ஊர் சுத்திக் காட்டவேணும்" என்றாள் மங்கையற்கரசி. "இவர் சந்தோசமாப் போய் நாலு பேரிட்டச் சொன்னாத்தான் என்ர வீட்டுக்கு மறுகாவும் ஆள் வரும்."

சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இல்லையென்று சொல்ல முத்தலிப்பால் முடியவில்லை.

முதலில் கோட்டை. முத்தலிப் மதிலைக் காட்டினான்.

"போர்த்துகல், பினிஷ். ஒல்லாந்து, பினிஷ். இங்லண்ட், பினிஷ்."

உள்ளே அரசாங்க அலுவலகத்தில் பைல் கட்டுகளோடு வரிசையில் நின்ற சனத்தைக் காட்டினான்.

"கச்சேரி. நோ பினிஷ்."

துரை வாய்நிறையச் சிரித்துத் தலையாட்டினார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். "யெஸ்" என்றான் முத்தலிப். அதற்கும் தலையாட்டினார்.

முத்தலிப்புக்குத் தைரியம் வந்தது. கரையோர வெளிச்சவீட்டடியில் ஐந்து சொற்களும் தீர்ந்தபோது அரபுக்குத் தாவினான். துரை தலையாட்டினார். மலையாளத்துக்குத் தாவினான். அதற்கும் ஆட்டினார்.

'எல்லாப் பாசையும் தெரிஞ்ச மனிசன்போல!' என்று வியந்தான் முத்தலிப்.

அந்த நேரத்தில்தான் துரை பையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து விரித்தார். வாவியில் ஒரு தோணி. தோணிக்குக் கீழே வாயைத் திறந்தபடி ஒரு மீன். படத்தில் விரலை வைத்து ஆவலோடு பார்த்தார்.

பாடும் மீன்! இந்த வாவி மீன் பூரணை இரவில் பாடும் என்பார்கள். இப்போது காலை பதினொரு மணி. 'நிலவு வரட்டும் துரை' என்று சொல்ல அந்த ஐந்தில் ஒன்றும் உதவாது.

"யெஸ்" என்றான். "நோ ப்ராப்ளம்."

ஒதுங்கிப்போய் மச்சான் றம்ஸீனுக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், ஒரு வெறும் சோடாப் போத்தல எடுத்துக்கிட்டு ஆத்தோரம் கண்ணாப் பத்தைக்குள்ள போய்க் குந்து. எங்கட தோணி கிட்ட வந்ததும் போத்தல் வாயில ஊது."

"எதுக்கு மச்சான்?"

"இண்டைக்கு நீதான் மீன்."

தோணிக்காரர் யோகராசாவின் தோணியில் ஏறினார்கள். அலையாத்திச் செடிகள் அடர்ந்த கண்ணாப் பற்றையை நெருங்கியதும் முத்தலிப் காதில் கையை வைத்து, தண்ணீரைக் காட்டினான். துரையும் அப்படியே காதில் கையை வைத்து, தண்ணீரைக் காட்டிச் சிரித்தார்.

"பூ...ம்" என்றது பற்றை.

"குட்!" என்றான் முத்தலிப்.

கரையோரத் தண்ணீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த புஸ்பம் நிமிர்ந்தாள். "ஐயோ! ஆர்ர மாடு இது? பத்தைக்குள்ள சேத்துல புதைஞ்சு கத்துது! ஓடி வாங்க, கயிறு கொண்டு வாங்க!"

"மாடு இல்ல, பேசாம இரிங்க!" என்று தோணியிலிருந்து முத்தலிப் கத்தினான்.

மாடில்லை என்பதை மெய்ப்பிக்க நினைத்தோ என்னவோ, றம்ஸீன் கீச்சென்று ஊதினான்.

"கண்டுக்குட்டியும் கிடக்கு!" என்று அலறினாள் புஸ்பம்.

இரண்டு பேர் கயிற்றோடு ஓடி வந்தார்கள். அதே நேரம் பற்றைக்குள்ளே றம்ஸீனின் போன் மேளதாளத்தோடு ஒரு குத்துப்பாட்டைப் பாடத் தொடங்கியது. யோகராசா துடுப்பைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் வந்த திசைக்குக் கயிறு பறந்தது. சுருக்கு றம்ஸீனின் தோளில் விழுந்தது. இழுத்த இழுப்பில் அவன் தலைகீழாக வாவியில் விழுந்து, சேறு பூசிய முகமும் கையில் போத்தலுமாக எழும்பினான்.

துரை எழுந்து நின்று கைதட்டினார். தோணி ஆடியது. அவரைப் பிடிக்கப் பாய்ந்த முத்தலிப் தண்ணீரில் விழுந்தான்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது அவனுக்கு அழுகை முட்டியது. இனி மங்கையற்கரசியின் முகத்தில் எப்படி முழிப்பது?

"துரை, எனக்கு இங்கிலீசு தெரியா. குவைத்துல வெங்காயம் உரிச்சன். மீனும் பொய், நானும் பொய். அந்த அக்காவ மட்டும் கோவிக்காதீங்க!" என்று சுத்தத் தமிழில் கொட்டித் தீர்த்தான்.

துரை கையை நீட்டி அவனை மேலே இழுத்தார். ஈரத்தோடே கட்டிப்பிடித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

விடுதி வாசலில், தேறியிருந்த மனைவியிடம் துரை மூச்சு விடாமல் பேசினார். அந்த அம்மா அதை இங்கிலீசில் மங்கையற்கரசியிடம் சொன்னார். இருவரும் வெகுநேரம் குசுகுசுத்தார்கள். முத்தலிப் சொட்டச் சொட்ட நின்றான்.

"தம்பி" என்று வந்தாள் மங்கையற்கரசி. "உலகம் முழுக்கச் சுத்தின மனிசராம். இப்பிடியொரு நாள் அவருக்கு வாய்க்கல்லயாம். அடுத்த வருசம் பன்னிரண்டு பேரக் கூட்டிக்கொண்டு வருவாராம். அவங்களுக்கும் ஊர் காட்ட நீங்கதான் வேணுமாம்."

முத்தலிப்பால் தாங்க முடியவில்லை. "அக்கா, உண்மையச் செல்லிப்புடுறன். நான் பேசினது இங்கிலீசே இல்ல."

மங்கையற்கரசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவர் படத்தக் காட்டிக் கேட்டது தோணியில ஒரு சுத்து மட்டும்தானாம் தம்பி, காது மெசின்ட பற்றரி ரயிலிலயே செத்துப்போனதால, காலையில இருந்து ஒரு சத்தமும் அவருக்குக் கேக்கல்லயாம்!"