தெரிவு ‘ஆ’: ஒரு வள்ளம்

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைவர் பேரம்பலம் ஐயா, கணக்காளர் றெஜினா மடம், ஒரு பொறியியலாளர், எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காத ஓர் உறுப்பினர், பிறகு நான். இல்லாதவர்கள் ஆறு பேர். யாருடைய பயணக் கொடுப்பனவைப் பற்றிப் பேசக் கூட்டம் கூடியதோ, அந்த ஆறு வெளிக்கள உத்தியோகத்தர்கள். அவர்களையும் அழைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அவர்களுக்காகப் பேச நான் இருக்கும்போது அவர்கள் எதற்கு என்று நினைத்தேன். (இருபத்துநாலு வயது. கழுத்தில் டை வேறு.)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எங்கள் வீட்டில் யார் சொன்னாலும் என்னை மடையனாக்கித்தான் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கூட்டத்துக்கு நான் எழுதிய அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அப்படியேதான் எழுதுவேன். ஒரேயொரு பந்தியை மட்டும் விட்டுவிட்டு.

சண்டை முடிந்து சனம் முகாம்களிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மன்னார்ப் பட்டினத்தில் எங்கள் வீடமைப்புக் கந்தோர். தகரக் கொட்டில்களில் இருந்த குடும்பங்கள் கல்வீடு கட்டத் தவணை தவணையாகப் பணம் கொடுப்பது எங்கள் வேலை. அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை. போட்டாயிற்றா, எழும்பிற்றா என்று நேரில் போய்ப் பார்ப்பவர்கள் அந்த ஆறு பேர். சொந்த மோட்டார் சைக்கிளில், சொந்த முதுகெலும்பில்.

நான் உயிலங்குளத்து வயற்காரன் மகன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். அப்பா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர். ஆகவே எழுத்தின்மேல் எனக்கு அசாத்திய நம்பிக்கை. ஒரு நியாயத்தைச் சரியாக எழுதி, மேலே தலைப்புப் போட்டு, தலைப்புக்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கோடும் கீறிவிட்டால் உலகம் திருந்திவிடும் என்று நம்பினேன். கந்தோரில் பாதீடு தயாரிக்கும் உதவியாளர் வேலை கிடைத்ததும் உலகத்தைத் திருத்தத் தொடங்கினேன்.

முதலில் அகப்பட்டது, பயணக் கொடுப்பனவைக் கணக்கிடும் தூர அட்டவணை.

அதைக் கொண்டுவந்து காட்டியவர் அந்த ஆறு பேரில் ஒருவரான நியாஸ் நானா. வீடு முசலியில், வேலை இலுப்பைக்கடவைப் பக்கத்தில். மாவட்டத்தின் ஒரு தொங்கலில் படுத்து மறு தொங்கலில் எழும்புகிற மனிசன். மோட்டார் சைக்கிளை மாதத் தவணைக்கு லீசிங்கில் எடுத்திருந்தார்.

“தம்பி, நீங்கள் படிச்ச பிள்ளை. இதை ஒருக்காப் பாருங்கோ. மன்னாரிலயிருந்து இலுப்பைக்கடவைக்கு இவ்வளவுதான் தூரமாம். என்ர சைக்கிள் மீற்றர் இதைவிட அரைவாசி கூடக் காட்டுது. மீற்றர் பொய் சொல்லுதோ, தாள் பொய் சொல்லுதோ?”

சுவரில் தொங்கிய வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். விளங்கிவிட்டது. எந்தக் காலத்திலோ, எந்தப் புண்ணியவானோ, ஒரு கதிரையில் இருந்தபடியே நேர்கோடு போட்டு அளந்திருக்கிறார். கோடு மன்னார்த் தீவில் தொடங்கி, நேரே கடலில் இறங்கி, கடலைக் கடந்து, இலுப்பைக்கடவையில் கரையேறியது. எங்கள் ஆட்களோ பாலத்தைத் தாண்டி, பெருநிலத்தைச் சுற்றி, கிடங்கும் பள்ளமுமான வீதியால் போய் வந்தார்கள். பல வருடங்களாக அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது கடலில் நடப்பதற்கான கொடுப்பனவு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒன்பது பக்கம் எழுதினேன். கம்பஸில் எங்களுக்கு ஒரு வித்தை படிப்பித்திருந்தார்கள்: மேலிடத்துக்கு ஒரு யோசனையை மட்டும் கொடுக்கக் கூடாது, இரண்டைக் கொடு, ஒன்றை நடக்கவே முடியாததாகக் கொடு, அவர்கள் தாங்களாகவே மற்றதைப் பிடிப்பார்கள். ஆகவே கடைசிப் பக்கத்தில் இப்படி முடித்தேன்.

தெரிவு அ: வீதியால் உள்ள தூரத்துக்கு ஏற்பக் கொடுப்பனவைத் திருத்துதல்.

தெரிவு ஆ: தற்போதைய அட்டவணையையே தொடர்வதாயின், உத்தியோகத்தர் அந்தப் பாதையால் பயணம் செய்வதற்கு இயந்திரம் பூட்டிய வள்ளம் ஒன்று கொள்வனவு செய்தல்.

நக்கல் நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டும் அல்லவா? கடற்கரைக்குப் போய் விலை கேட்டு, மதிப்பீடும் இணைத்தேன். வள்ளம் ஒன்று, இயந்திரம் ஒன்று, உயிர்காப்பு அங்கி ஒன்று. (ஆறு பேருக்கு ஒரு அங்கியா என்று கேட்காதீர்கள். வாங்கப் போவதில்லையே, எதற்கு ஆறு?)

கூட்டத்தில் தலைவர் பேரம்பலம் ஐயா கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்தார். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். விடைத்தாளில் முடிவுரையைப் பார்த்துப் புள்ளி போடுகிற பழக்கம் போகவில்லை.

“தெரிவு அ சரிவராது தம்பி,” என்றார். “கொடுப்பனவைக் கூட்டுறதெண்டால் கொழும்பைக் கேக்க வேணும். அது மாசா மாசம் வாற செலவு. ஆனா இந்தத் தெரிவு ஆ...” கண்ணாடியைக் கழற்றினார். “இது மூலதனச் செலவெல்லோ? எங்களிட்டை மூலதனக் காசு மிச்சம் கிடக்கு. மார்கழிக்குள்ள முடிக்காட்டித் திரும்பிப் போயிடும்.”

“ஐயா, அது வந்து... அது ஒரு...”

“வடிவாய் எழுதியிருக்கிறீர். விலையும் எடுத்திருக்கிறீர். கெட்டிக்காரன்.”

பொறியியலாளர் தலையாட்டினார். வாய் திறக்காத உறுப்பினர் அன்றைக்கென்று வாய் திறந்து, “நல்ல யோசனை,” என்றார். நான் எழுந்து நின்று, “ஐயா, அது பகிடிக்கு எழுதினது” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரசாங்க அறிக்கையில் பகிடி எழுதினேன் என்று ஒத்துக்கொள்வதை விட வள்ளம் வாங்குவது மரியாதை என்று பட்டது. றெஜினா மடம் மட்டும் என்னைப் பார்த்தபடி பேனையை மூடினார்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மார்கழிக் கடைசியில் வள்ளம் வந்தது. முன்பக்கத்தில் ‘வீடமைப்பு – 1’ என்று நீல எழுத்தில் எழுதுவித்தார் தலைவர். (ஒன்று! அடுத்தடுத்து வரப்போகிற கப்பற்படைக்கு இடம் விட்டு.) தை மாதச் சம்பளத்தோடு ஆறு பேருக்கும் ஒரு கடிதம் போனது. கந்தோரால் ஊர்தி வழங்கப்பட்ட உத்தியோகத்தர்களுக்குப் பயணக் கொடுப்பனவு கிடையாது.

குறைவாகக் கிடைத்ததைக் கூட்டித் தரப் புறப்பட்டவன், கிடைத்ததையும் இல்லாமல் செய்துவிட்டேன்.

நியாஸ் நானா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

“தம்பி, உங்களை நான் பிழை சொல்லேல்லை. ஆனா கேளுங்கோ. அந்தக் காசிலதான் லீசிங் கட்டுறனான். தை போயிட்டுது. மாசியும் போனால், பங்குனியில வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாங்கள். சைக்கிள் இல்லாட்டி இந்த வேலை இல்லை. எங்கட வேலைக் கடிதத்திலயே அப்பிடித்தான் கிடக்கு.”

“நான் சரிப்படுத்துறன் நானா.”

“என்னெண்டு?”

“எழுதுறன்.”

“அல்லாவே!” என்று இரண்டு கையையும் தூக்கினார். “எழுத மட்டும் வேண்டாம் வாப்பா!”

எழுதினேன். இந்த முறை அரைப் பக்கம்தான். புதிதாக வாங்கிய ஊர்தியைத் தலைவர் நேரில் பரிசோதித்து ஏற்க வேண்டும் என்று விதி இருப்பதாகவும், இலுப்பைக்கடவையில் வீடு கட்டும் குடும்பங்கள் அவருக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்திருப்பதாகவும். விதி உண்மை. சாப்பாட்டை நியாஸ் நானாவைக் கெஞ்சி ஏற்பாடு செய்தேன். தலைவர் ஒருதரம், ஒரேயொரு தரம், தான் ஒப்புதல் கொடுத்த பாதையால் போய் வரட்டும் என்பதுதான் என் திட்டம்.

மாசி மாதம், கடைசிக் கிழமை. வள்ளத்தில் தலைவரும் நானும், வாடகைக்கு ஓட்ட வந்த அந்தோனி அண்ணனும். றெஜினா மடத்தைக் கூப்பிட்டோம்.

“நான் வரேல்லை ஐயா.”

“ஏன் மடம், கடல் பயமோ?”

“எங்கட அப்பா கடற்தொழில். எனக்குக் கடலைத் தெரியும். அதுதான் வரேல்லை.”

இருந்த ஒரே உயிர்காப்பு அங்கியைத் தலைவர் போட்டுக்கொண்டார். எனக்கு நீந்தத் தெரியாது. குளத்துத் தண்ணீரை வாய்க்காலில் கண்ட சாதி நான். கடற்படைச் சாவடியில் மறித்தார்கள். மீன்பிடிப் பாஸ் எங்கே, என்ன பிடிக்கப் போகிறீர்கள் என்று அரைகுறைத் தமிழில் கேட்டான் சிப்பாய்.

“வீடு,” என்றேன்.

அவன் கடலைப் பார்த்தான். என் டையைப் பார்த்தான். செம்மஞ்சள் அங்கிக்குள் இருந்த தலைவரைப் பார்த்தான். கந்தோர்க் கடிதத்தை வாங்கி நீண்ட நேரம் வைத்திருந்துவிட்டு, “யன்ன, யன்ன” என்று சிங்களத்தில் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். பைத்தியங்களோடு எதற்கு வம்பு என்று நினைத்திருப்பான்.

அரை மணித்தியாலத்தில் காலைச் சாப்பாடு முழுவதையும் கடலுக்குக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் தலைவரும் கொடுத்தார். அதுவரை எல்லாம் என் திட்டப்படிதான் நடந்தது. இலுப்பைக்கடவைக் கரையில் கண்டல் மரங்கள் தெரியத் தொடங்கியபோது வள்ளம் ஒரு முனகலோடு நின்றது.

“தண்ணி வத்தீட்டுது,” என்றார் அந்தோனி அண்ணன், பீடியைப் பற்றவைத்தபடி. “இனிப் பின்னேரம்தான் ஏறும்.”

“ஏன் முதலிலேயே சொல்லேல்லை?” என்றேன்.

“நீங்கள் நேரத்தைக் கடிதத்தில எழுதித் தந்தனீங்கள். கடலிட்டைக் கேட்டு எழுதினதாக்கும் எண்டு நினைச்சன்.”

அப்போதுதான் நான் அந்த வீரச் செயலைச் செய்தேன். இறங்கித் தள்ளுகிறேன் என்றேன். “இறங்காதையும் தம்பி, சேறு,” என்றார் அந்தோனி அண்ணன்.

“சேறோ? நான் உயிலங்குளத்தான் அண்ணை. சேத்திலை பிறந்து சேத்திலை வளர்ந்தனான்!”

வயல் சேற்றுக்கு ஒரு அடி உண்டு. முழங்காலுக்கு மேல் போகாது. கடல் சேற்றுக்கு அப்படி ஒரு ஒப்பந்தமும் இல்லை என்பதை இடுப்பளவு போன பிறகு அறிந்தேன். தள்ளவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி, டையின் நுனி சேற்றில் மிதக்க, நட்டு வைத்த மரம்போல் நின்றேன். மேலே உச்சி வெயில்.

கரையில் ஆள் தெரிந்தது. நியாஸ் நானா. காலையில் வீதியால் வந்து, இரண்டு வீட்டு அத்திவாரம் பார்த்து முடித்து, எங்களுக்காகச் சமைத்த மீன்குழம்பு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கையைக் குவித்துக் கத்தினார்.

“தம்பீ! எந்தத் தெரிவு? அ வோ, ஆ வோ?”

“அ நானா! அ!” என்று அலறினேன்.

“தலைவர் ஐயா என்ன சொல்லுறார்?”

தலைவர் நெடுநேரம் யோசித்தார். இல்லை, நெடுநேரம் என்பது என் இடுப்புக்குப் பட்ட கணக்கு. கடைசியில் உயிர்காப்பு அங்கிக்குள்ளிருந்து கிணற்றுக் குரலில், “அ,” என்றார்.

வீடு கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் சாரப் பலகைகளைச் சேற்றில் வரிசையாகப் போட்டு, கயிறு எறிந்து என்னை இழுத்தெடுத்தார்கள். நான் வந்தேன். என் வலது சப்பாத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. தலைவரை நியாஸ் நானா பலகைமேல் கைப்பிடித்து, மணப்பெண்ணை அழைத்து வருவதுபோல் கரைசேர்த்தார். சாப்பிட்டு முடிய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

“ஐயா, என்னை இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா கண்ணை மீற்றரிலயே வைச்சிருங்கோ.”

நான் ஒற்றைச் சப்பாத்தோடு பஸ்ஸுக்கு நின்றேன். கொண்டக்டர் என்னை இருக்க விடவில்லை. சீற் ஊத்தையாகுமாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டம். ஆறு வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் கதிரை போடச் சொன்னவர் தலைவர். என் அறிக்கை நாலு வரி.

“தெரிவு ஆ எங்கை?” என்றார்.

“இல்லை ஐயா. இந்த முறை ஒண்டுதான். இதையும் ஏற்காட்டி நாளைக்கு ஆறு பேரும் அந்த வள்ளத்திலதான் வேலைக்குப் போவினம். நீங்களும் வந்து கையெழுத்து வைக்க வேணும்.”

சொன்ன பிறகுதான் சொன்னது விளங்கிற்று. வேலை போனதென்று நினைத்தேன். தலைவர் இருமினார். “ஆனா கொழும்பு...” என்று தொடங்கினார்.

“கொழும்பைக் கேக்கத் தேவையில்லை ஐயா,” என்றார் றெஜினா மடம். “கிலோமீற்றருக்கு எவ்வளவு எண்டதை மாத்தத்தான் கேக்க வேணும். தூரத்தைத் திருத்திறது எங்கட பொறுப்பு. சுற்றுநிருபத்திலயே இருக்கு.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “மடம், அப்ப அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?”

“நீர் என்னட்டைக் கேட்டனீரோ? நீர் வள்ளமெல்லோ கேட்டனீர்.”

தூரம் திருத்தப்பட்டது. நிறுத்திய இரண்டு மாதக் கொடுப்பனவும் சேர்ந்து வந்தது. லீசிங்காரர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் நியாஸ் நானா இரண்டு தவணையையும் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “இதை மட்டும் வாசியுங்கோ. ஒண்டும் எழுத வேண்டாம்” என்றார்.

செய்தி உயிலங்குளத்துக்குப் போனதும் அப்பா கேட்டது ஒரே கேள்வி. “வயலை ஈடுவைச்சுப் படிப்பிச்சது கடலுக்கு விடவோடா?” இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிட்டா இடியப்பமா என்று விருந்தாளியிடம் கேட்டால், என் மனைவி உள்ளிருந்து சத்தம் போடுவாள். “ரெண்டு தெரிவு குடுக்காதேங்கோ, வள்ளம் வந்திடும்!”

சிரிக்கட்டும். ஆனால் அந்த வருடக் கணக்காய்வு வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. வள்ளத்தை அந்தோனி அண்ணனுக்கே அரைவிலைக்குக் கீழே விற்றிருந்தோம். நட்டத்தின் ஒரு பங்கை முன்மொழிந்தவரிடம் அறவிடும்படி கடிதம் வந்தது. வள்ளம் தேவையில்லை என்பதை நிறுவவே வள்ளம் கேட்டேன் என்று மூன்று பக்கத்தில் பதில் எழுதினேன். தொகையை மாற்றாமல் திருப்பி அனுப்பினார்கள்: நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய். என் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கிட்ட.

கட்ட மாட்டேன், வழக்குப் போடுவேன் என்று நின்றேன். ஆறு பேரும் வந்து கதவைச் சாத்தினார்கள். நியாஸ் நானா என் பேனையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டார்.

“எங்களுக்காகத்தானே சேத்துக்க இறங்கினனீங்கள். ஏழாப் பிரியுங்கோ.”

பிரித்தோம். தலைக்கு ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.