ஒத்தை ஆளுக்கு ரூம் இல்லை

"எத்தனை பேரு?"

"நான் மட்டும்தான்."

ஆரப்பாளையம் லாட்ஜின் மேலாளர் ஷேக் தாவூது ஆதார் அட்டையைப் பார்த்தார். பிறகு அட்டைக்குரியவரைப் பார்த்தார்.

"செல்லூர்ல வீட்டை வச்சுக்கிட்டு இங்கன எதுக்குண்ணே ரூமு?"

"ஒரே ஒரு நாளைக்குத்தான்."

"உள்ளூர் ஆளு, அதுவும் ஒத்தை ஆளு. ரூம் இல்லண்ணே. ஓனர் கண்டிஷன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஸ்டேஷனுக்கு நான்ல அலையணும்."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் கவிஞன்."

"அப்பக் கண்டிப்பாக் கிடையாது."

முத்திருளன் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டார். செல்லூரில் துண்டு, வேட்டி மொத்த வியாபாரக் கடையொன்றில் அவர் மேனேஜர். கடை சாத்திய பிறகு நவீன கவிஞர். கூட்டத்தின் நடுவே அந்நியப்பட்டுப்போன தனிமனிதனின் துயரத்தைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்ற கொள்கை உடையவர். 'கதவில்லாத வீட்டின் தாழ்ப்பாள்' என்ற அவருடைய தொகுப்பு, 'நான் ஒரு காலி நாற்காலி, என்மீது நானும் அமர்வதில்லை' என்று தொடங்கும்.

செல்லூர் வீட்டில் காலி நாற்காலி என்று ஒன்றை அவர் கண்ணால் கண்டதில்லை. மாமியார் எதிர்வீடு, மச்சான் மாடிவீடு, மீதிச் சொந்தமெல்லாம் அடுத்த சந்து. புத்தக வெளியீட்டு விழாவில் மண்டபத்தை நிரப்பியவர்களும் அவர்கள்தான். ஆளுக்கொன்று வாங்கி முதல் பதிப்பைத் தீர்த்தவர்களும் அவர்கள்தான்.

அந்தப் புத்தகம் இப்போது சென்னை அறக்கட்டளை ஒன்றின் விருதுக்குக் கடைசிச் சுற்றில் நிற்கிறது. தேர்வுக்குழுவிலிருந்து நிலோபர் என்ற அம்மையார் நேற்று போன் செய்தார். "எழுத்தும் வாழ்க்கையும் ஒண்ணா இருக்கிறவங்களுக்குத்தான் சார் நாங்க கொடுக்கிறது. நாளைக்கு மத்தியானம் நீங்க இருக்கிற இடத்துக்கே வர்றேன்" என்றார். வீட்டில் அப்போது குக்கர் ஒரு பக்கம், சீரியல் ஒரு பக்கம், மச்சான் பிள்ளைகள் நாலு பக்கம். முத்திருளன் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "ஆரப்பாளையத்துல ஒரு லாட்ஜ்ல தனியாத் தங்கியிருக்கேன் மேடம்" என்று சொல்லிவிட்டார்.

"அண்ணே, தனியா இருக்கத்தான் ரூமே கேக்குறேன்" என்றார் இப்போது.

"அதாண்ணே பிரச்சினையே" என்றார் ஷேக் தாவூது. "ஒண்ணு செய்யுங்க. வீட்டு ஆளு யாராச்சும் பொறுப்பேத்துக்கிட்டுப் போன்ல சொல்லட்டும். சாவியைத் தாரேன்."

மனைவி சத்யப்ரியாவிடம் கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். அவளுடைய அண்ணன் அருள்பாண்டியைக் கூப்பிட்டார்.

"மச்சான், நான் ஆரப்பாளையத்துல லாட்ஜ்ல நிக்கிறேன். எதுவும் கேக்காதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்னு மட்டும் இவர்கிட்டச் சொல்லுங்க. வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம்."

மறுமுனையில் மிகவும் மெதுவான குரலில், "சரி மாப்ள. நீங்க எதையும் மனசுல வச்சுக்கிறாதீங்க. போனை அவர்கிட்டக் குடுங்க" என்றார் அருள்பாண்டி.

சாவி கிடைத்தது.

முத்திருளன் அறையைத் தனிமைக்குத் தயார்செய்தார். படுக்கை விரிப்பைக் கசக்கினார். இருந்த ஒரே நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஜன்னலோரம் ஒரு டம்ளரில் ஆறிப்போன டீயை வைத்து, அதில் ஓர் ஈ வந்து உட்காரும்வரை காத்திருந்தார்.

ஈ வந்தது. பின்னாலேயே கதவு தட்டப்பட்டது.

அருள்பாண்டி நின்றார். அவருக்குப் பின்னால் சத்யப்ரியாவின் பெரியப்பா உக்கிரபாண்டி. அவருக்குப் பின்னால் மாமியார் அன்னக்கொடி, தலையில் பெரிய அலுமினியப் போணி நிறையக் கறிச்சோறு. கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையைச் சமாதானம் செய்யப் பெண் வீட்டார் வெறுங்கையோடு போவது அந்த வகையறாவில் வழக்கமில்லை. கடைசியாக, கண் சிவந்து சத்யப்ரியா.

உக்கிரபாண்டி நேராகப் போய், சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "எங்க பிள்ளை ஒரு வார்த்தை கூடக் குறையப் பேசியிருக்கும். வளத்த குத்தம் எங்களது. கிளம்புங்க மாப்ள."

"மாமா, சண்டையே இல்ல."

"சண்டை இல்லாமலா ரூம் போட்டிருக்கீங்க?" என்றார் அருள்பாண்டி.

"ஒருத்தங்க என்னைப் பாக்க வாராங்க மச்சான். அவங்க வர்றப்ப நான் தனியா இருக்கணும். அம்புட்டுதான்."

"யாரு அது?"

"நிலோபர்னு ஒரு மேடம்."

அறையில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. சத்யப்ரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். உக்கிரபாண்டி போனை எடுத்து, இதுவரை பெரியவர்கள் விவகாரம் என்று தகவல் சொல்லாமல் விட்டிருந்த மற்ற வீடுகளுக்கெல்லாம் தகவல் சொன்னார். ஷேர் ஆட்டோக்கள் வந்தன. வராந்தா நிறைந்தது. வந்தவர்களில் இளவட்டமாக இருந்தவர்கள், மாப்பிள்ளை ஓடிவிடாதபடி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்கள்.

வேறு வழியில்லாமல் முத்திருளன் கட்டிலின் மேல் ஏறி நின்று உண்மையைச் சொன்னார். விருது வரப்போகிறது, மேடம் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார், தயவுசெய்து எல்லாரும் போய்விடுங்கள் என்றார்.

"விருதா?" என்றார் அருள்பாண்டி. "அதைச் சொல்லாம ஒத்தையில கிடந்தீங்களா மாப்ள? நாங்க எதுக்கு இருக்கோம்?"

யாரும் போகவில்லை. அருள்பாண்டி மட்டும் போனார். மதுரையில் ஃபிளக்ஸ் அடிக்க ஆகும் நேரத்தில் உலை கூடக் கொதிக்காது. அவர் திரும்பி வந்து லாட்ஜ் வாசலில் கட்டிய ஃபிளக்ஸில், முத்திருளன் கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். 'தனிமையின் தனிப்பெரும் தலைவரே' என்று மேலே எழுதியிருந்தது. கீழே 'என்றும் உங்களோடு' என்ற தலைப்பில், போன மாதம் பிறந்த குழந்தைவரை வகையறாவின் அத்தனை முகங்களும் வரிசையாக இருந்தன.

"இதைக் கழட்டுங்க மச்சான். மானம் போகுது."

"முகம் சின்னதாயிருச்சோ?"

கழற்றிய ஃபிளக்ஸைச் சுருட்ட இடமில்லை. வராந்தாவில் குப்புற விரித்தார்கள். விரித்ததைப் பார்த்ததும் அன்னக்கொடி அதன்மேல் இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து முத்திருளனின் போன் ஒலித்தது.

"சார், கீழ வந்துட்டேன். எத்தனாவது மாடி?"

முத்திருளன் கும்பிட்டார். "எல்லாரும் கேளுங்க. என்னை யாருக்கும் தெரியாது. நீங்கல்லாம் வேற வேற ரூம்ல தங்கியிருக்கிற ஆளுக. கேட்டா அப்படித்தான் சொல்லணும். எனக்காக."

"இம்புட்டுதான, விடுங்க மாப்ள" என்றார் உக்கிரபாண்டி.

நிலோபர் மெதுவாகப் படியேறி வந்தார். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி, தோளில் துணிப்பை. செருப்புக் குவியலைத் தாண்டினார். பந்தியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இவங்கல்லாம் யாரு சார்?"

"லாட்ஜ்ல தங்கியிருக்கிறவங்க மேடம். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. இந்த நகரம் அப்படித்தான். முகங்கள் மட்டும்தான் இருக்கு."

"ஆமம்மா" என்றார் உக்கிரபாண்டி. "மாப்ள யாருன்னே எங்களுக்குத் தெரியாது."

அன்னக்கொடி ஒரு இலையை எடுத்துவந்து முத்திருளன் கையில் கொடுத்தார். "தெரியாத ஆளா இருந்தாலும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல. நெஞ்செலும்பாப் பாத்து வச்சிருக்கேன். இவருக்கு அதுதான் எறங்கும்."

வாடிக்கையாளருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் ஷேக் தாவூதும் மேலே ஏறி வந்திருந்தார். "மேடம், சத்தியமா இவரு ஒத்தை ஆளுதான். ஒத்தை ஆளுங்கவும் நான் ரூமே தரமாட்டேன்னுட்டேன். அப்புறம் இவங்கல்லாம் வந்து பொறுப்பேத்துக்கிட்டாங்க."

முத்திருளன் கண்ணை மூடிக்கொண்டார். விருது படியிறங்கிப் போவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

நிலோபர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பையிலிருந்து 'கதவில்லாத வீட்டின் தாழ்ப்பா'ளை எடுத்தார். பந்தியைப் பார்த்து உயர்த்திக் காட்டினார்.

"இது இவர் எழுதினது. இதுல இருந்து ஏதாவது ஒரு வரி யாராவது சொல்லுங்களேன்."

பந்தி நின்றது. அருள்பாண்டி மின்விசிறியைப் பார்த்தார். உக்கிரபாண்டி அட்டைப்படத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "வீடு கட்டுறதைப் பத்தின புத்தகமாம்மா?" என்றார். படிக்கட்டு இளவட்டங்கள் செருப்பைத் தேடினார்கள்.

நிலோபர் கடைசியாகச் சத்யப்ரியாவைப் பார்த்தார். அவள் பக்கத்தில் இருந்த குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்த வாயையே மறுபடியும் துடைத்தாள்.

நிலோபர் புத்தகத்தை மூடினார். முத்திருளனை அவர் பார்த்த பார்வையில், வந்தபோது இல்லாத ஒரு மரியாதை இருந்தது.

"தனி ரூம்ல யார் வேணும்னாலும் தனியா இருந்துட முடியும் சார்" என்றார். "நான் சென்னைக்குப் போன் பண்ணிச் சொல்லிடுறேன். இந்த வருஷம் உங்களுக்குத்தான்."

நின்றபடியே ஒரு டம்ளர் மோர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

கார் திரும்பும்வரை பொறுத்திருந்த வகையறா பிறகு பொறுக்கவில்லை. அருள்பாண்டி மாப்பிள்ளையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். ஃபிளக்ஸ் குழம்புக் கறையோடு மறுபடியும் வாசலுக்குப் போனது. யாரோ ஒருவர், மாப்பிள்ளை கையால் ஷேக் தாவூதுக்கே ஒரு மாலை போட வைத்தார்.

முத்திருளன் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் அவருக்கு எல்லாரையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது.

"மத்ததுல எல்லாம் சொதப்பித் தள்ளிட்டீங்க" என்றார். "ஆனா அந்தம்மா புத்தகத்தைக் காட்டிக் கேட்டப்ப, ஒருத்தர் பாக்கியில்லாம ஒண்ணுமே தெரியாத மாதிரி முழிச்சீங்க பாருங்க, அங்கதான் விருதே கிடைச்சது. எப்படி அத்தை அம்புட்டுப் பேரும் அப்படி நடிச்சீங்க?"

அன்னக்கொடி எச்சில் இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"அதுக்கு எதுக்கு மாப்ள நடிக்கணும்?"