கருப்பட்டிக் கடைக்காரன் சைக்கிள் பந்தயத்துக்குப் போனது

உட்கார்ந்தபடியே சம்பாதிக்கிறவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் வேகத்தின் மீது ஆசை வரக் கூடாது. வந்தாலும் யாரிடமும் சொல்லாமல் ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட வேண்டும். எனக்கு ஆசை வந்தது. நான் படுக்கவில்லை. அதனால் ஜில்லாவே வேடிக்கை பார்க்க, ஒரு மைதானத்தில் எனக்கு நேர்ந்த கதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். தூத்துக்குடியில், கடற்கரையை ஒட்டிய தெருவில் எனக்குக் கருப்பட்டி, மளிகைக் கடை. பகலெல்லாம் தராசுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். வயிறு மட்டும் எனக்கு முன்னால் போய் வருகிறவர்களை வரவேற்கும். இந்த லட்சணத்தில், சீமைக்குத் திரும்பிய கப்பல் கம்பெனி துரை ஒருவர் விட்டுப்போன பந்தய சைக்கிள் என் கைக்கு வந்து சேர்ந்தது. (எப்படி வந்து சேர்ந்தது என்று என் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் இங்கேயும் சொல்வதற்கில்லை.)

அது நாம் பார்க்கிற சைக்கிள் இல்லை. மட்கார்டு கிடையாது, மணி கிடையாது, பிரேக்கும் கிடையாது. சாதாரண சைக்கிளில் வேகம் பிடித்த பிறகு காலைச் சும்மா வைத்துக்கொண்டு போகலாம். இதில் அது நடக்காது. பின்சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். சட்டென்று காலை நிறுத்தினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். நிற்க வேண்டுமென்றால் பெடலை எதிர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி, அதைத் தாஜா செய்துதான் நிற்க வேண்டும். தாஜா செய்யக் கற்றுக்கொள்வதற்குள் உப்பளச் சாலையின் இரண்டு பக்கத்துப் பாத்திகளிலும் நான் விழுந்து எழுந்தாயிற்று.

விடிந்தும் விடியாமலும் அந்தச் சாலையில் ஓட்டுவேன். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒதுங்கி நின்று, "அண்ணாச்சி, கடையில எதையும் மறந்து வச்சிட்டு வந்துட்டியளா?" என்று அக்கறையாகக் கேட்பார்கள். காரணமில்லாமல் ஒரு மளிகைக் கடைக்காரன் இவ்வளவு அவசரமாகப் போவான் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. எனக்கோ அந்த ஒரு மணி நேரம்தான் உயிர். உப்புக் காற்று முகத்தில் அறையும்போது, எனக்கும் இரண்டு கால்கள் இருக்கின்றன என்ற ஞாபகம் வரும். அது இல்லாத நாட்களில் நான் தராசோடு சேர்ந்த ஒரு சாமான், அவ்வளவுதான்.

இந்தப் பைத்தியம் ஊரில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்து என்னைத் தாண்டியது. "என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கடை தொறக்கலியா?" என்று ஓட்டியவர் நிதானமாகக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு மூச்சு வருவதற்குள் ஆள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்.

அவர்தான் மிக்கேல். எங்கள் தெருக்காரர், சங்கு குளிக்கிறவர். வாலிபத்தில் முத்துக்குளிப்புக்கும் போனவர். ஆறடி உயரம், ஐம்பதைத் தொட்ட வயது. கடலடியில் மூச்சை அடக்கிப் பழகிய நெஞ்சு, சைக்கிள் ஓட்டுவதையெல்லாம் ஒரு வேலையாகவே எண்ணவில்லை. பழைய சைக்கிள் சட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்து, துரை சைக்கிளைப் போலவே பிரேக் இல்லாமல் தானே பூட்டிக்கொண்டிருந்தார். அவர் ஓட்டும்போது இடுப்புக்கு மேலே எதுவும் அசையாது. நான் ஓட்டும்போது இடுப்புக்கு மேலே எல்லாமே அசையும். எனக்கு அவரைப் பார்த்துப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை, வியந்து பார்க்கத்தான் தோன்றியது.

ஜில்லா சைக்கிள் பந்தயம் எங்கள் ஊரில் நடக்கப் போகிறது, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் போட்டி உண்டு என்று செய்தி வந்தது. நானும் மிக்கேலும் பெயர் கொடுத்தோம். அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே என் மனைவி செல்லக்கனி தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"இந்த ஒரு பந்தயம். எத்தனை சுத்து சொல்லுதாவளோ அத்தனையும் சுத்தி முடிச்சிட்டு வாங்க. கடைசியா வந்தாலும் சரிதான். அதுக்கப்புறம் நீங்க பல்லு விழுந்த பொறவு ஓட்டினாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"முடிக்கலன்னா?"

"முடிக்காம பாதியில வந்திய, மறுநாளே அந்தச் சனியனை வித்திரணும்."

நான் தலையாட்டினேன். (அவள் சொன்னால் செய்வாள். என் சீட்டுக்கட்டு அடுப்புக்குள் போனது இப்படித்தான்.)

பந்தயத்துக்கு மைதானத்தில் மண்ணைக் கொட்டி வட்டமாகத் தடம் போட்டிருந்தார்கள். உப்பளத்து ஆட்கள் பாத்தி மிதிக்கிற மாதிரி வரிசையாக நின்று மிதித்து, கல்லைப் போல இறுக்கியிருந்தார்கள். உள்பக்கம் முளை அடித்துக் கயிறு. சுற்றிலும் ஊரே நின்றது. பாதிப் பேர் எங்கள் தெருக் கிறிஸ்தவர்கள், மிக்கேலுக்காக வந்தவர்கள். மீதிப் பேர் நான் விழுவதைப் பார்க்க வந்தவர்கள். எனக்கு ஒரு காக்கி நிஜார். என் தையல்காரர் அதுவரை வேட்டி கட்டியவர்களுக்குச் சட்டை மட்டுமே தைத்தவர். அந்த நிஜாருக்குள் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

நாலரை மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய பந்தயம். பரிசு கொடுக்க வர வேண்டிய பெரிய மனிதர் வந்து சேரவே ஐந்தரைக்கு மேல் ஆகிவிட்டது. எல்லா வினையும் அந்தத் தாமதத்தில்தான் பிறந்தது.

ஐந்து பேர் போட்டியில். வெளியூரிலிருந்து மூன்று பேர், பிறகு மிக்கேல், நான். இருபது சுற்று. திருநெல்வேலியிலிருந்து வந்த நடுவர் விசில் ஊதினார். மிக்கேல் முதல் சுற்றிலேயே முன்னால் போய்விட்டார். நான் ஐந்தாவது இடத்தைப் பிடித்து, அதை யாரும் பறித்துவிடாதபடி காப்பாற்றிக்கொண்டேன். பாதிப் பந்தயம் தாண்டியது. மூச்சு இரைத்தாலும் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'முடித்துவிடுவேன், சைக்கிள் எனக்குத்தான்' என்ற நினைப்பு வந்ததும் சிரித்துக்கூட விட்டேன்.

அப்போது மாதா கோயில் மணி அடித்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மணி மும்மூன்றாக விட்டுவிட்டு அடிக்கும்போது எங்கள் தெருவில் எல்லாம் நிற்கும். கிறிஸ்தவர்கள் நின்ற இடத்திலேயே தலை குனிந்து செபம் சொல்வார்கள். என் கடையில் "அண்ணாச்சி, கால்படி..." என்று ஆரம்பித்த அம்மாள், செபத்தை முடித்துச் சிலுவை வரைந்துகொண்டு, "...உளுந்து" என்பாள். அதுவரை நான் தராசைப் பிடித்த கையோடு ஆடாமல் அசையாமல் நிற்பேன். எனக்கும் அந்தச் செபத்துக்கும் சம்பந்தமில்லை. நான் முருகனைக் கும்பிடுகிறவன். ஆனால் இருபது வருஷம் அதே தெருவில் கடை வைத்தால் அது எலும்பில் ஏறிவிடும். மணி அடித்தால் சாப்பிடும்போதுகூட என் வாய் மெல்லுவதை நிறுத்திவிடும்.

அன்றும் என்னைக் கேட்காமலே கால்கள் நின்றன.

நான் நின்றேன். சைக்கிள் நிற்கவில்லை. பெடல் என்னைக் கீழேயிருந்து தூக்கியது. மிக்க மரியாதையோடு தராசுக் கையையும் நான் மேலே தூக்கியிருந்ததால் பிடிமானம் எதுவும் இல்லை. நான் ஒரு பக்கம் பறக்க, சைக்கிள் மறு பக்கம் போய் முளையில் முட்டியது. கண்ணைத் திறந்தபோது முன்சக்கரம் அப்பளமாகக் கிடந்தது. நிஜார் முழுவதும் மண். யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. பாதிக் கூட்டம் தலை குனிந்து செபத்தில் இருந்தது. மீதிக் கூட்டம் அவர்களுக்காக வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

அப்போதுதான் மிக்கேலைப் பார்த்தேன். அவரும் நின்றிருந்தார். என்னைப் போல அல்ல. பெடலை அமுக்கி அமுக்கி வேகத்தைக் குறைத்து, தடத்தின் ஓரமாக ஒதுங்கி, இறங்கி, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு கைகூப்பி நின்றார். அரைச் சுற்று முன்னால் இருந்தவர். வெளியூர் மூவரும் ஒருவர் பின் ஒருவராக அவரைத் தாண்டினார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி, இந்த ஊரில் பந்தயத்துக்கு நடுவே ஏன் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள் என்று திகைத்தார்.

செபம் முடிந்தது. மிக்கேல் சிலுவை வரைந்தார், ஏறினார். அதற்குப் பிறகு அவர் ஓட்டியதை நான் எப்படி எழுதுவது! ஒரு சுற்றுக்கு மேல் பின்தங்கிவிட்ட மனிதர் உடம்பில் பதற்றமே இல்லை. சக்கரம் மட்டும் சீறியது. ஒருவரை முந்தினார். அடுத்தவரை எட்டிப் பிடிக்கக் கை நீளமே பாக்கி இருந்தபோது பந்தயம் முடிந்துவிட்டது. மூன்றாவது இடம். என் முட்டியில் ரத்தம் வழிவதையும் மறந்து, தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

"அவியள வேடிக்கை பாக்கவா வந்திய?"

தலைக்கு மேலே செல்லக்கனி. பெண்கள் பக்கத்திலிருந்து கயிற்றைத் தாண்டி வந்திருந்தாள். வர மாட்டேன் என்று சொன்னவள்.

"சக்கரம் போச்சுளா," என்றேன்.

"இன்னும் ஒம்பது சுத்து கிடக்கு. நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

விற்கச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் மிக்கேல் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏறுங்க அண்ணாச்சி," என்றார்.

நடுவர் ஓடி வந்தார். "அடுத்தவர் சைக்கிளில் ஓட்டக் கூடாது!"

செல்லக்கனி அவரைப் பார்த்தாள். "ஏன் ஐயா, பேரு கொடுத்தது சைக்கிளா, இவியளா?"

நடுவர் யோசித்தார். பரிசு கொடுக்க வந்தவர் வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம் முடியுங்கள்," என்று சொல்லிவிட்டு நடுவர் நகர்ந்தார்.

மிக்கேல் ஆறடி, நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். சீட்டை இறக்கலாமென்றால், உப்புக் காற்றில் துருவேறி அது சட்டத்தோடு ஒன்றாகிவிட்டது. இரண்டு பேராகப் பிடித்து என்னைத் தூக்கி வைத்தார்கள். பெடல் மேலே வரும்போது கால் எட்டியது, கீழே போகும்போது எட்டவில்லை. "பரவாயில்ல, மேல வரும்போது ஒரு மிதி மிதிச்சு விடுங்க. அது கூட்டிக்கிட்டுப் போவும்," என்று சொல்லி மிக்கேல் தள்ளிவிட்டார்.

கூட்டிக்கொண்டுதான் போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டம் உரக்க எண்ணியது. நான் விழுவதைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். ஒன்பதாவது சுற்றில் கோட்டைத் தாண்டினேன். ஒரே ஆரவாரம். முடித்துவிட்டேன்! 

ஆனால் நிற்க முடியவில்லை. பெடலை எதிர்த்து அமுக்கினால்தானே அது நிற்கும்? கால் எட்டினால்தானே அமுக்குவது? நிற்கவில்லையே என்ற பயத்தில் மேலே வந்த பெடலை மிதித்து மிதித்து இன்னும் வேகமாக்கிக்கொண்டேன். பத்தாவது சுற்றும் ஆயிற்று. பதினொன்றாவதில், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தடத்தில் நின்ற பெரிய மனிதர் கயிற்றைத் தாண்டிக் குதித்தார். கடைசியில் மிக்கேல்தான் கூடவே ஓடி வந்து, சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். இருபது சுற்று ஓட்டிய அந்த மனிதருக்கு அப்போதும் மூச்சு வாங்கவில்லை.

என்னை இறக்கிவிட்டு, "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். நான் மாதாவுக்காக நின்னேன். நீங்க எதுக்கு நின்னிய?" என்றார்.

நான் பேச்சை மாற்றினேன். அவர் நிற்காமல் போயிருந்தால் முதல் பரிசு அவருக்குத்தானே என்று நான் கேட்டேன். மிக்கேல் கூட்டத்தின் பக்கம் கண்ணைக் காட்டினார். "எங்கம்மா அங்கன நின்னா. நிக்காம போயிருந்தேன்னா வீட்டுல சோறு கெடையாது," என்று சொல்லிச் சிரித்தார். அது பாதி உண்மைதான். மீதி உண்மையை, தலை குனிந்து நின்ற அந்த மனிதரின் முகத்தில் நான் பார்த்திருந்தேன்.

செல்லக்கனி முந்தானையால் என் முட்டியைத் துடைத்தாள். "முடிச்சிட்டு வாங்கன்னுதான சொன்னேன்? அடுத்த வருசத்துக்கும் சேத்து இப்பமே சுத்தச் சொன்னனா?" என்றாள். திட்டுகிற குரல்தான். ஆனால் மறுநாள் அவளே ஆள் அனுப்பிச் சக்கரத்தை நிமிர்த்தி வாங்கி வைத்தாள். நெடுங்காலம் ஓட்டினேன். ஒரு நாளும் ஏன் என்று அவள் கேட்டதில்லை.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. விருந்தாளி எழுந்து போகாமல் பேசிக்கொண்டே இருந்தாலும், கல்யாண வீட்டில் யாராவது வாழ்த்துரையை முடிக்காமல் இழுத்தாலும், எங்கள் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்து, "மிக்கேல் சைக்கிள்ல ஏறிட்டாரு," என்பார்கள். மருமக்கள் ஏன், சம்பந்திகள்கூட இதைக் கற்றுக்கொண்டார்கள்.

இதை எழுத உட்கார்ந்தது காலையில். அடுக்களையிலிருந்து செல்லக்கனி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். இப்போது கரண்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள்.

"சோறு ஆறுது. எறங்குதியளா, இல்ல மிக்கேலண்ணனை வரச் சொல்லட்டா?"