காய்ச்சல் பரியாரியாரும் என் கொதிக்கும் வானும்

காய்ச்சலைப் பற்றி உப்புக்குளம் காய்ச்சல் பரியாரியாருக்குத் தெரிந்த அளவு மன்னார்த் தீவில் எந்த டொக்டருக்கும் தெரியாது. இதை நான் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றும் சொல்லுவேன். அவரிடம் வந்த நோயாளிகளுக்கு நாலு சில்லு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகளே, பரியாரியார் என்றால் நாட்டு வைத்தியர். ஆனால் இவர் ஒரு மெக்கானிக். எஞ்சின் கொதிக்கிற வாகனத்தில் மட்டும்தான் கை வைப்பார். பிரேக் பிடிக்கவில்லை என்று போனால், "அது எலும்பு வருத்தம். நான் காய்ச்சல்தான் பாக்கிறனான்" என்று கேற்றைச் சாத்திவிடுவார். சொந்தப் பெயரைக் கேட்டால், "தெரிஞ்சு என்ன, நெத்தியில ஒட்டப்போறியோ?" என்பார்.

வாகனம் வந்ததும் புறங்கையால் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு சாரதியைக் கதிரையில் இருத்தி விசாரணை தொடங்கும்.

"நிக்கேக்கை கொதிக்குதோ, ஓடேக்கை கொதிக்குதோ?"

நின்றால் கொதித்து, ஓடினால் தணிந்தால் விசிறியில் பிழை. நின்றால் சும்மா இருந்து, ஓடினால் கொதித்தால் தண்ணீரோ காற்றோ எங்கேயோ மறிபடுகிறது. இவ்வளவையும் ஸ்பானரைத் தொடாமலே சொல்லிவிடுவார்.

அவருடைய பெரிய சட்டம் ஒன்று இருந்தது. கொதித்த எஞ்சினின் ரேடியேற்றர் மூடியை உடனே திறக்கக் கூடாது. திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். அவருடைய இடது கையில் அதற்குச் சாட்சியாக நீளமான ஒரு தழும்பு. "ஒரு செபமாலை முழுசாச் சொல்லி முடியட்டும். பிறகுதான் மூடி."

முருங்கன் பக்கமிருந்து நெல்லு மூட்டைகளோடு வந்த லொறிக்கார ஐயா ஒருவர், "எனக்குச் செபமாலை தெரியாதே" என்று முழித்தார்.

"தேவாரம் தெரியுமோ? அஞ்சு பாடுங்கோ. ராகத்தோட, ஆறுதலா."

ஐயா பாடி முடிக்க லொறி ஆறிவிட்டது. பரியாரியார் கண்ணை மூடியபடி, "இன்னும் ஒண்டு" என்றார்.

இனி என் கதை. நான் பேசாலையில் வான் ஓடுகிறவன். போன வருடம் மகளின் பள்ளிக்கூட வலைப்பந்து அணியை வவுனியாவுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் வான் கொதித்தது. நாங்கள் போய்ச் சேர, எதிரணி விளையாடாமலே வென்று பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மகள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

இந்த வருடமும் வவுனியாவில்தான் போட்டி. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இது கடைசி வருடம். "இந்தமுறையும் பிந்தினா, இனி உங்கட வானில நான் ஏறமாட்டன் அப்பா" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

வானைப் பரியாரியாரிடம் கொண்டுபோனேன். போகுமுன் நன்றாகக் கழுவி, முன்பக்கம் பூட்டியிருந்த 'மாதா துணை' தகரப் பலகையையும் கழற்றி வீட்டில் வைத்தேன். மெக்கானிக்கின் எண்ணெய்க் கை மாதாவில் படக்கூடாதல்லவா!

அவர் வானை முருங்கன் வரை ஓட்டிப் பார்த்தார். கொதிக்கவில்லை. அடுத்த கிழமையும் அப்படியே கழுவி, அப்படியே கழற்றிக் கொண்டுபோனேன். அன்றும் கொதிக்கவில்லை.

"டேய் தம்பி, வான் சுகமா இருக்கு. உனக்குத்தான் காய்ச்சல்!"

"சத்தியமாக் கொதிக்குது அண்ணை!"

"அப்ப போட்டியண்டைக்கு நானும் வாறன். கொதிக்கட்டும், பாப்பம்."

போட்டியன்று காலமை, நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று மாதாவைத் துடைத்துப் பழையபடி பூட்டினேன். உப்புக்குளத்தில் பரியாரியார் பக்கக் கதவால் ஏறிக் கடைசி சீற்றில் இருந்துகொண்டார். பிள்ளைகள் பாட்டும் கூத்தும். முருங்கன் தாண்டி நேர் றோட்டில் அக்சிலேற்றரை அமத்தினேன்.

"அண்ணை, சூட்டு முள்ளு ஏறுது!"

"முள்ளைப் பாக்காதை. முள்ளு பொய் சொல்லும்."

முள்ளு பொய் சொன்னாலும் ஆவி பொய் சொல்லுமா? புசுபுசுவென்று கிளம்பியது. ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். பரியாரியார் குதித்திறங்கிக் கையைத் தட்டினார். "காய்ச்சல்! அசல் காய்ச்சல்!" மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

"பிள்ளையள், செபமாலை!"

"பத்து மணிக்கு மட்ச், தாத்தா!"

"முகம் வெந்துபோனா பந்தை எதால பாக்கிறது? தொடங்குங்கோ!"

ஏழு பிள்ளைகளும் கடுகதி ரயில் மாதிரிச் செபித்தார்கள். பரியாரியார் முன் சீற்றைத் தூக்கி, கீழே இருந்த எஞ்சினின் பெல்ற்றையும் குழாய்களையும் தடவிக்கொண்டிருந்தார். திடீரென்று தலையை வெளியே நீட்டினார். "நில்லுங்கோ! மூண்டாம் காரணிக்கத்தில ரெண்டு அருள்நிறைந்த மரியே குறையுது!"

காரணிக்கத்துக்குப் பத்து என்பதை எட்டாக்கி ஏமாற்றிய என் மகள்தான் முதலில் சிரித்தாள்.

செபமாலை முடிய, துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார். போன தண்ணீரை நிரப்பினார். குழாய் ஒழுகவில்லை. பெல்ற் இறுக்கம். அவர் முகம் கறுத்தது. கோயிலில் புனிதரின் சுருவத்தைச் சுற்றுவதுபோல வானைச் சுற்றி நடந்தார். இரண்டாவது சுற்றில் முன்பக்கம் வந்து நின்றுவிட்டார்.

"தம்பி, என்னட்டை வரேக்கை இல்லாத என்ன சாமான் இண்டைக்கு வானில இருக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை. பிள்ளையளும் தண்ணிப் போத்தலும்தான்."

"இது?"

"மாதா."

"மாதாவை எனக்கும் தெரியும். எங்க நிக்கிறா?"

"முன்னுக்கு."

"ரேடியேற்றருக்குக் காத்துப் போற வழி முழுக்க மறிச்சுக்கொண்டு நிக்கிறாவடா விசரா! துணைக்கு வந்தவவை வாசலை அடைக்க விட்டிருக்கிறியே!"

தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போட்டார். "பொறுத்துக்கொள்ளும் தாயே, பக்தியால செய்தவன்" என்று சொல்லிவிட்டு ஆணிகளைக் கழற்றினார். பலகையை மகள் மடியில் வைத்துக்கொண்டாள்.

மிச்ச வழி முழுக்க, பொய் சொல்லும் என்ற அதே முள்ளைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தவர் பரியாரியார்தான். முள்ளு நடுவில் நின்றது, அசையவே இல்லை!

மைதானத்தில் நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். கதவைத் திறந்ததும் பிள்ளைகள் பறந்தார்கள். பரியாரியாருக்கு வலைப்பந்து தெரியாது. இரண்டு பக்கமும் போட்ட கோல்களுக்கும் எழும்பி நின்று கை தட்டினார்.

ஒரு கோலால் தோற்றோம். மகள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "தோத்திட்டம் அப்பா! ஆனா விளையாடினம்!"

பரியாரியாரை இப்போது அவருடைய மகள் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். போனில் ஒரே புலம்பல். "இஞ்ச ஒண்டும் கொதிக்குதில்லையடா. எல்லாத்துக்கும் குளிர்காய்ச்சல். எனக்கு அந்தப் படிப்பில்லை."

மாதா இப்போது வானின் கூரையில், நல்ல காற்று வாங்கிக்கொண்டு. வான் பிறகு கொதித்ததே இல்லை. என்றாலும் அந்த மரத்தடிக்கு வந்தால் நிறுத்தி ஒரு செபமாலை சொல்லுவேன், ஒன்றும் குறைக்காமல். கடைசியான ஐந்தாம் காரணிக்கம் அவருக்கு.