வேண்டாம் மாஸ்ரர் வாங்கிக் குடித்த ஒரு பிளா

ஓடாத சாராய வடிசாலையை மூடச் சொல்லி வருடக்கணக்காகப் போராடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் ஊர்காவற்றுறையில், துறைமுகத்துக்குப் போகிற ஒழுங்கையில் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவர் வேண்டாம் மாஸ்ரர்.

நான் வேலணைக்காரன். எண்பதுகளின் நடுவில் தபால் கந்தோரில் குமாஸ்தா வேலை கிடைத்து, அந்த ஒழுங்கையில் அறை எடுத்துத் தங்கினேன். முதல் நாள் பின்னேரம் வெளியே மணிச்சத்தம் கேட்டது. ஐஸ்பழக்காரன் என்று நினைத்துச் சில்லறையோடு ஓடினேன். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, கையில் பள்ளிக்கூட மணியோடு ஒரு மனிதர் பூட்டிய வடிசாலைக் கதவைப் பார்த்து, "சாராயம் வேண்டாம்! கள்ளு வேண்டாம்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். சபையில் இருந்தது ஒரே ஒரு ஆடு. அதுவும் போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது.

"ஐயா, இது பூட்டிக் கனகாலமாமே?" என்றேன்.

"ஓம் தம்பி."

"பிறகேன் நிக்கிறியள்?"

"நான் நிக்கிறபடியால்தான் பூட்டிக் கிடக்குது."

சில்லறையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நான் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

மனிதர் இருமல் மருந்தைக்கூட மணந்து பார்த்துத்தான் குடிப்பார். கலியாண வீட்டில் பன்னீர் தெளிக்க வந்த பெண்ணை மறித்து, இதில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரித்து அவளை அழ வைத்தார். கள்ளுக்கு மட்டுமல்ல, பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிப் புளிக்காமல் இறக்குகிற, வெறி ஏறாத இனிப்பான கருப்பநீருக்கும் அவர் எதிரி. "இண்டைக்குக் கருப்பநீர், நாளைக்குக் கள்ளு, நாளையிண்டைக்குச் சாராயம்" என்று வகுப்பில் சத்தியம் வாங்குவார். அவரிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்றுதான் கருப்பநீர் குடித்தார்கள். அதனால் அதன் ருசி இன்னும் கூடியது.

இப்படியிருக்க, வடிசாலையை இடிக்க ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். கொழும்பில் இருந்த வடிசாலைச் சொந்தக்காரர் கட்டடத்தைக் கல் விலைக்குக் கொடுத்துவிட்டாராம். ஒல்லாந்தர் காலத்தில் கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிய சுவர். உடைத்துச் சூளையில் போட்டால் நல்ல சுண்ணாம்பு. திங்கட்கிழமை வேலை தொடங்குவதாகப் பேச்சு.

மாஸ்ரர் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பார் என்று ஒழுங்கையே எதிர்பார்த்தது. மாஸ்ரரோ வடிசாலைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்று, "இடிக்க வேண்டாம்!" என்று மணி அடித்தார். ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது.

"என்ன மாஸ்ரர், கட்சி மாறிப்போட்டியளோ?" என்று கேட்டேன்.

"குடிதான் எனக்குப் பகை. சுவர் என்ன பாவம் செய்தது? அந்தக் கூரையில விழுற மழைதான் தொட்டியில நிறைஞ்சு இந்த ஒழுங்கைக்குக் குடிக்கத் தண்ணி. மற்றக் கிணறெல்லாம் உப்பு. இந்தச் சுவர் போனால் அடுத்த வீட்டுக்கும் விலை பேசுவாங்கள். பூட்டிக்கிடக்கிற வீட்டுக்காரர் எல்லாம் வெளியில. குடுத்துப்போடுவினம். பிறகு ஒழுங்கை எங்கை இருக்கப்போகுது?"

அப்போதுதான் நானும் அந்த ஒழுங்கையை ஒழுங்காகப் பார்த்தேன். ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டபடி நிற்கிற பழைய வீடுகள், வளைந்த வாசல்கள், கப்பல் வந்த காலத்தில் சரக்கு அடுக்கிய கிட்டங்கிகள். அதில் இரண்டு முன்னமே சூளைக்குப் போய்விட்டன. சண்டையால் பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருந்த காலம். கொழும்புக்குப் போய்ச் சொந்தக்காரரோடு பேச வழியில்லை. இடிக்கிற கைகளைத்தான் மறிக்க வேண்டும்.

அந்தக் கைகள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுடையவை. அவர்களுக்குத் தலைவர் பீப்பா அண்ணை. உருவத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்தால் அவர்கள் எல்லோரும் இருக்கிற இடம் கள்ளுத் தவறணை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாஸ்ரர் குடையோடு தவறணைக்குள் நுழைந்தார். நான் அங்கே ஏன் இருந்தேன் என்று கேட்கக்கூடாது. ஒருவர் கள்ளு வார்த்த பனையோலைப் பிளாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், அது அவர் கட்டியிருந்த சாரம் முழுக்க ஊற்றுண்டது. இன்னொருவர் போத்தலுக்கு மேல் இருந்துவிட்டு, எழும்பவும் ஏலாமல் இருக்கவும் ஏலாமல் நெளிந்தார். எல்லோரும் அவரிடம் படித்தவர்கள்.

"இருங்கோ, இருங்கோ. இண்டைக்குப் பேச வரேல்லை. கேட்க வந்தனான்," என்றார் மாஸ்ரர். அவர்களுக்கு இன்னும் பயம் கூடியது.

விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு ஒருவரும் சுவர் இடிக்கிற அலவாங்கைத் தொட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டார். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். நல்ல கூலி கிடைக்கிற வேலை. கடைசியில் பீப்பா அண்ணை, அந்த இறுக்கம் தாங்காமல், வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"நாங்கள் கூலியை விடுறம் மாஸ்ரர். நீங்கள் எங்களோட ஒரு பிளா குடிப்பியளோ?"

பகிடிக்குத்தான் கேட்டார். எல்லோரும் சிரிக்க வாயைத் திறந்தார்கள். மாஸ்ரர் குடையைச் சுவரில் சாய்த்தார். அவர்கள் இருந்த மர வாங்கில் தானும் இருந்தார். கையை நீட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. பீப்பா அண்ணையின் முகம் செத்துப்போனது. கேட்டதை விழுங்கவும் முடியாது, அந்தக் கையில் கள்ளை ஊற்றவும் மனம் வராது. அவர் தவறணைக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தவறணைக்காரர் உள்ளே போய், தன் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கருப்பநீர் முட்டியைப் பிளாவில் சரித்தார். மாஸ்ரரைத் தவிர நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பிளா மாஸ்ரரின் கைக்கு வந்தது.

மாஸ்ரர் கண்ணை மூடி ஒரே இழுவையில் குடித்தார். பிறகு எழுந்தார். அதற்குப் பிறகு நடந்ததை நான் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன்.

மனிதர் இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் மூன்றடி வைத்தார். குடையைத் தலைகீழாகப் பிடித்தார். வாசலில் நின்ற தந்திக் கம்பத்தைப் பார்த்து, "டேய், நான் ஆர் தெரியுமோடா?" என்றார். கம்பம் மரியாதையாகப் பேசாமல் நின்றது. எங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போய், வடிசாலைச் சுவரைக் கட்டிப்பிடித்து, "உன்னில கைவைக்க ஆராலும் ஏலாது" என்று கத்திவிட்டுத் தேவாரம் பாடினார்.

"என்னப்பா, ஒரு பிளாவுக்கே இந்த ஆட்டம்?" என்றார் ஒருவர்.

தவறணைக்காரர் பதறிப்போய்த் திரும்பி ஓடி, முட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "இனிக்குதடா! சத்தியமாய் இனிக்குது!"

மறுநாள் லொறி வந்தது. பீப்பா அண்ணைக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை வளைக்க ஏலாதாம். மற்றவர்களுக்கும் அதே நாரிப்பிடிப்பு. கொந்தராத்துக்காரர் கூலியைக் கூட்டிப் பார்த்தார், பிடிப்பும் கூடியது.

"நீங்கள் வராட்டில் காரைநகரில இருந்து ஆள் இறக்குவன்!"

"இறக்குங்கோ முதலாளி. அவங்களும் பின்னேரம் எங்கட தவறணைக்குத்தானே வரோணும்," என்றார் பீப்பா அண்ணை, நாரியைப் பிடித்துக்கொண்டே.

லொறி வெறுமையாகத் திரும்பியது. அது மூலை திரும்பி மறைந்தபோது ஒழுங்கை முழுவதும் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. கெட்ட செய்தியைத் தவிர வேறொன்றும் வராத அந்த நாட்களில் அப்படி ஒரு நிம்மதி எங்களுக்குப் பெரிய விருந்து. கல் எடுக்க ஆளில்லாமல் வியாபாரம் முறிந்து, சொந்தக்காரர் கட்டடத்தைக் கடற்றொழிலாளருக்கு வலை வைக்க வாடகைக்கு விட்டார். தொட்டியும் தப்பியது, தண்ணீரும் தப்பியது.

ஆனால் மாஸ்ரரின் பேச்சில் ஒன்று குறைந்தது. "கள்ளு ஒரு சொட்டும் தொடாதவன் நான்" என்று நெஞ்சில் அடித்துச் சொல்கிற வரியை அவர் விட்டுவிட்டார். அந்த இடம் வரும்போது அன்று தவறணையில் இருந்தவர்கள் தலையைக் குனிவார்கள். உண்மையைச் சொன்னால் ஒரு பிளா கள்ளுக் குடித்து அவர் காப்பாற்றிய வாக்குப் பொய்யாகிவிடும், சொல்லாவிட்டால் அவர் மனம் வேகும். ஊரே வாயை இறுக்கிக்கொண்டிருந்தது.

எனக்கு இடமாற்றம் வந்த அன்று, பொறுக்கமுடியாமல் போய்ச் சொன்னேன். "மாஸ்ரர், உங்கட சத்தியம் முறியேல்லை. அண்டைக்கு நீங்கள் குடிச்சது கருப்பநீர்."

மாஸ்ரர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும் காணும். சின்னனில கருப்பநீர் குடிக்காமல் வளர்ந்தவன் இந்தத் தீவில ஆர் இருக்கிறான்?"

"அப்ப அந்தத் தள்ளாட்டம்?"

"கூலியை விட்டவங்கள். அதோட என்ர மானத்தையும் காப்பாத்தப் பாடுபட்டவங்கள். நான் நேராய் நடந்து போனால் அவங்களுக்கு என்ன மரியாதை? எனக்குத் தெரியுமெண்டு சொல்லிப்போடாதையும். பாவங்கள், மனம் நோவாங்கள்."

பஸ்ஸில் வேலணை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துத் தள்ளி இருந்தார். இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. அந்தப் பிடிவாதக்கார மனிதரை நான் அவ்வளவு நேசித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.